முறிந்த எலும்பு அசையலாமா? – ஒரு மில்லிமீற்றரின் வரலாறு

1996ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எனது தம்பி கொழும்பில் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் சிக்கிக்கொண்டான். வலது முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பு இரண்டாக முறிந்து, தோலையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. வைத்தியசாலையில் முறிவுக்கு மேலும் கீழுமாக எலும்பில் துளையிட்டு உலோக ஊசிகளைச் செலுத்தி, அவற்றைக் காலுக்கு வெளியே ஓர் உருக்குத் தண்டுடன் பிணைத்தார்கள். இந்த வெளிச் சட்டகம் அக்காலத்தில் எமக்குப் புதிய காட்சியன்று. போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் செய்தி சேகரிப்பதற்காக நான் சென்ற வைத்தியசாலை விறாந்தைகளில், காலிலிருந்து கம்பிகள் துருத்திநிற்க, ஊன்றுகோல்களை அருகில் சாத்திவைத்துவிட்டு அமர்ந்திருந்த இளைஞர்களைப் பல தடவைகள் கண்டிருக்கிறேன்.

தம்பி வீடு திரும்பிய பின்னர் அம்மாவுக்கு ஒரு பெரிய குழப்பம் ஏற்பட்டது. ஊரிலிருந்து வந்து பார்த்த முறிவு நெரிவு வைத்தியர், காலை இம்மியும் அசைக்கக் கூடாது என்றார். வைத்தியசாலையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர், நாள்தோறும் எழுந்து நடக்க வேண்டும் என்றார். சத்திரசிகிச்சை நிபுணரோ, காலை ஊன்றலாம், ஆனால் பாதிப் பாரத்தை மட்டுமே கொடுக்கலாம் என்றார். அம்மா என்னிடம் கேட்டார்: "அசைக்கலாமோ, அசைக்கக் கூடாதோ? நீ பேப்பர்க்காரன்தானே, ஆரிட்டையாவது கேட்டு ஒரு முடிவைச் சொல்லு."

நான் எவரிடமும் கேட்கவில்லை. ஐந்து மாதங்கள் கழிந்தன. வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரு கைகளாலும் காலைப் பிடித்து மெதுவாக வளைத்துப் பார்த்தார். எலும்பு பொருந்திவிட்டது எனக் கூறிச் சட்டகத்தைக் கழற்றினார். மூன்றாவது வாரத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தரையில் பட்ட அக்கணத்தில், அதே இடத்தில் எலும்பு மீண்டும் முறிந்தது.

அந்த வைத்தியர் கவனமின்றி நடந்துகொண்டார் என நான் அன்றும் கருதவில்லை, இன்றும் கருதவில்லை. உலகெங்கும் வைத்தியர்கள் செய்வதையே அவரும் செய்தார். ஆனால், ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. முறிந்த எலும்பு பொருந்திவிட்டது என்பதைக் கண்ணாலும் கையாலும் மட்டும்தான் அறிய முடியுமா? இரண்டு துண்டுகளுக்கும் இடையிலான அசைவை யாரேனும் அளந்து பார்த்திருக்கிறார்களா? பின்னாளில் நூலகங்களிலும் இணையத்திலும் தேடித் தேடி வாசித்தபோது, அம்மாவின் கேள்வி மருத்துவ உலகின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று என்பதை அறிந்துகொண்டேன். அந்த வழக்கின் கதையே இக்கட்டுரை.

ஓய்வுக் கட்சியும் அசைவுக் கட்சியும்

முறிந்த உறுப்பை அசையாமல் கட்டிவைக்க வேண்டும் என்பது மனித குலத்தின் ஆதி அறிவு. எகிப்தின் பழங்காலக் கல்லறைகளில், சிம்புகள் வைத்துத் துணியால் சுற்றப்பட்ட முறிந்த கைகால்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள் கட்டுப்போடும் முறைகளை விரிவாகக் கூறுகின்றன. எமது ஊர்களில் மூங்கிற் சிம்பும் பத்தும் வைத்துக் கட்டிய வைத்தியர்களும் இதே வழியில் வந்தவர்களே. 1851இல் ஒல்லாந்து இராணுவ வைத்தியரான அன்ரோனியஸ் மத்தைசன், பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் தூள் தடவிய துணியை நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டறிந்தார். சில நிமிடங்களில் கல்லாக இறுகும் அந்தக் கட்டு, ஓய்வுக் கட்சிக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆயுதமாக அமைந்தது.

அக்கட்சியின் தலைசிறந்த வழக்கறிஞர் லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ். 1834இல் வேல்ஸின் அங்கிள்சித் தீவில் பிறந்த இவர், பரம்பரை முறிவு வைத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை பட்டம் பெறாத நாட்டு வைத்தியர். மகனோ எடின்பரோவிலும் லண்டனிலும் மருத்துவம் பயின்றவர். முறிவுக்கும் மூட்டு நோய்க்கும் வேண்டியது ஓய்வு. கட்டாயமான, இடையறாத, நீண்ட ஓய்வு என்பதே அவருடைய கோட்பாடு. தொடை எலும்பு முறிவுக்கு அவருடைய பெயரால் வழங்கும் சிம்பு, அவருடைய மருமகனும் மாணவருமான றொபேர்ட் ஜோன்ஸின் முயற்சியால் முதலாம் உலகப் போர்க்களத்தில் பரவலாகப் பயன்படுத்தப்பட்டு, எண்ணற்ற படையினரின் உயிரைக் காத்தது.

அதே காலத்தில் பாரிஸில் வாழ்ந்த ஜுஸ்ட் லூக்கா சாம்பியோனியேர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நேர் எதிரான கருத்தைக் கொண்டிருந்தார். முறிவுகளை உருவுதலாலும் அசைவாலும் குணப்படுத்தும் முறைபற்றி 1895இல் அவர் நூல் எழுதினார். அசையாமல் வைத்தால் மூட்டுக்கள் இறுகிவிடும், தசைகள் மெலிந்துவிடும், எலும்பும் சோர்ந்துவிடும் என்பது அவருடைய வாதம்.

அசைவுக் கட்சிக்குச் சார்பாக இயற்கையும் ஒரு சாட்சியைத் தந்திருந்தது. அது விலா எலும்பு. விலா முறிந்தவரை மூச்சுவிடாதே என எந்த வைத்தியரும் கட்டளையிட முடியாது. நமது யோக நூல்கள் நாளொன்றுக்கு மனிதன் விடும் மூச்சை 21,600 எனக் கணக்கிட்டன. நிமிடத்துக்குப் பதினைந்து என்ற இக்கணக்கை இன்றைய மருத்துவமும் பெரிதாக மறுக்காது. அவ்வாறாயின், முறிந்த விலா ஒவ்வொரு நாளும் இருபதாயிரம் தடவைகளுக்கு மேல் அசைகிறது. இருந்தும் அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே பொருந்திவிடுகிறது.

ஆனால், இரு கட்சியினரிடமும் ஒரு குறை இருந்தது. ஓய்வு என்று கூறியவர் உண்மையில் எலும்புத் துண்டுகள் எவ்வளவு ஓய்வாக இருந்தன என்பதை அறியார். பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயும், சதை சூழ்ந்த எலும்பு சிறிதளவு அசைந்துகொண்டுதான் இருக்கும். அசைவு என்று கூறியவரும் அது எத்தனை மில்லிமீற்றர் என்பதை அறியார். 1895இன் இறுதியில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்ததும் முறிவைக் கண்ணால் காண முடிந்தது. எனினும், அது காட்டியது ஒரு கணத்தின் நிழலை மட்டுமே, அசைவை அன்று.

அசைவே இல்லாத எலும்பு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓய்வுக் கட்சி தனது உச்சத்தை அடைந்தது. பெல்ஜிய சத்திரசிகிச்சை நிபுணர் றொபேர்ட் டானிஸ், முறிந்த துண்டுகளை உலோகத் தகட்டாலும் திருகாணிகளாலும் ஒன்றோடொன்று இறுக அழுத்திப் பிணைத்தார். வழக்கமாக முறிவைச் சுற்றிப் புதிய எலும்பு, குமிழ் போலத் திரண்டு வளரும். மரக்கிளை வெட்டுப்பட்ட இடத்தில் பட்டை புடைத்து வளர்வதைப் போன்றது அது. கலஸ் என வைத்தியர்கள் அழைக்கும் அத்திரட்சி, டானிஸின் நோயாளிகளிடம் தோன்றவே இல்லை. எலும்பு நேரடியாக எலும்புடன் பொருந்தியது. உலோகத்தைப் பற்றவைப்பது போன்றது இது எனக் கருதிய அவர், தமது அனுபவங்களை 1949இல் நூலாக வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு அவரைச் சந்திக்கச் சென்ற இளம் சுவிஸ் வைத்தியர் மொரிஸ் முல்லர், அந்தக் கருத்தைத் தாய்நாட்டுக்கு எடுத்துச் சென்றார். 1958 நவம்பர் 6ஆம் திகதி, சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் முல்லரும் அவருடைய நண்பர்களும் ஏ.ஓ. என்ற பெயரில் இன்று உலகெங்கும் அறியப்படும் குழுவை நிறுவினர். மறு ஆண்டே தாவோஸ் என்ற மலைநகரில் அவர்களின் ஆய்வுகூடம் ஆரம்பிக்கப்பட்டது. துண்டுகளைத் துல்லியமாகப் பொருத்துதல், அசையாமல் பிணைத்தல், இரத்த ஓட்டத்தைப் பேணுதல், நோயாளியை விரைவில் இயங்கச்செய்தல் என்பன அவர்களின் நான்கு கோட்பாடுகள்.

இதில் ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இவர்கள் அசைவை முற்றாக எதிர்க்கவில்லை. எலும்புத் துண்டுகளின் அசைவைத்தான் ஒழிக்க விரும்பினார்கள். அதனை ஒழித்துவிட்டால் மூட்டுக்களைத் தாராளமாக அசைக்கலாம். தோமஸின் ஓய்வை முறிவுக்கும், சாம்பியோனியேரின் அசைவை மூட்டுக்கும் பங்கிட்டுக் கொடுத்த ஒரு சமரசம் இது. மாதக்கணக்கில் பிளாஸ்டருக்குள் கிடந்து, முறிவு குணமான பின்னரும் மடங்காத முழங்காலுடன் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு இது விடுதலையாக அமைந்தது.

எனினும், இம்முறையிலும் குறைகள் தென்பட்டன. தகடு அகற்றப்பட்ட பின்னர் எலும்பு மீண்டும் முறிந்த சந்தர்ப்பங்கள் இருந்தன. கலஸ் இல்லாமற் பொருந்தும் எலும்பு உரிய பலத்தை அடைவதற்கு நீண்ட காலம் எடுத்தது. அப்படியாயின் கலஸ் என்ற அந்தத் திரட்சி எதற்காக உருவாகிறது? அதனைத் தூண்டுவது எது? இக்கேள்விகளுக்கு விடைகாண, அளக்கும் கருவியொன்று தேவைப்பட்டது.

தண்ணீர்த் தாங்கியிலிருந்து வந்த கருவி

அந்தக் கருவி மருத்துவத்திலிருந்து வரவில்லை. 1938இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஆர்தர் ரூஜ் என்ற பொறியியலாளர், நிலநடுக்கத்தின்போது உயர்ந்த தண்ணீர்த் தாங்கிகளின் நிலை என்னவாகும் என ஆராய்ந்துகொண்டிருந்தார். மெல்லிய கம்பியொன்றைக் கடதாசியில் ஒட்டி, அக்கடதாசியைத் தாங்கியின் மாதிரி உருவில் ஒட்டினார். உலோகம் இழுபடும்போது கம்பியும் இழுபடும். கம்பி நீளும்போது அதன் மின்தடை அதிகரிக்கும். அந்த மாற்றத்தை அளந்தால், கண்ணுக்குத் தெரியாத நீட்சியையும் கணக்கிட்டுவிடலாம். அதே காலத்தில் கலிபோர்னியாவில் எட்வர்ட் சிமன்ஸ் என்பவரும் தனியாக இதனைக் கண்டறிந்திருந்தார். விகாரமானி என்பது இதன் பெயர். விமானச் சிறகுகளிலும் பாலங்களிலும் ஒட்டப்பட்ட இக்கருவி, 1960களில் எலும்பு வைத்தியத்துக்கும் வந்து சேர்ந்தது.

தாவோஸ் ஆய்வுகூடத்தின் ஸ்டெபான் பெரன் விகாரமானி பொருத்திய தகடுகளைச் செம்மறியாடுகளின் எலும்பில் பொருத்தினார். அழுத்திப் பிணைத்தால் எலும்பின் விளிம்புகள் கரைந்து, அழுத்தம் விரைவில் மறைந்துவிடும் எனப் பலர் அதுவரை நம்பியிருந்தார்கள். 1969இல் வெளியான அளவீடுகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. அழுத்தம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லவே குறைந்தது.

பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் பிரான்ஸ் பியூர்னி என்ற வைத்தியர் விகாரமானியை நோயாளியின் வெளிச் சட்டகத்திலேயே ஒட்டினார். எளிமையான கருத்து இது. முறிந்த ஆரம்பத்தில் உடலின் பாரம் முழுவதையும் வெளியிலுள்ள தண்டே சுமக்கிறது. ஆகவே தண்டு அதிகமாக வளையும். எலும்பு பொருந்தப் பொருந்தப் பாரத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. தண்டின் வளைவு குறையும். வாரந்தோறும் அந்த வளைவை அளந்து கோடாக வரைந்தால், உள்ளே எலும்பு வளரும் கதையை வெளியிலிருந்தே வாசித்துவிடலாம். சுமையைப் பங்குபோட்டுத் தூக்கும் இருவரில், ஒருவரின் தோளைப் பார்த்தே மற்றவர் எவ்வளவு தூக்குகிறார் எனக் கண்டுகொள்வதற்கு இது ஒப்பாகும். இதே காலத்தில், 1974இல், சுவீடனின் லுண்ட் நகரில் கோரன் செல்விக் வேறொரு வழியை வகுத்தார். ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய டன்ரலம் உலோக மணிகளை எலும்பில் பதித்து, இரு திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் எக்ஸ்ரே படம் எடுத்து, மணிகளின் இடப்பெயர்வைக் கணக்கிட்டார்.

அளவீடுகள் சேரச் சேர, பெரன் 1970களின் பிற்பகுதியில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். இழையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு என்பதே அதன் சாரம். முறிவு நிகழ்ந்தவுடன் இரத்தம் உறைந்து உருவாகும் மென்மையான இழையம், தனது நீளத்தைப் போல் ஒரு மடங்கு, அதாவது 100 வீதம் இழுபட்டாலும் அறாது. அதற்கு அடுத்ததாக உருவாகும் குருத்தெலும்பு சுமார் 10 வீதம் வரை தாங்கும். முதிர்ந்த எலும்போ ஏறத்தாழ 2 வீதத்துக்கு மேல் தாங்காது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இரு துண்டுகளுக்கும் இடையில் 1 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது எனக் கொள்வோம். துண்டுகள் 1 மில்லிமீற்றர் அசைந்தால் இடையிலுள்ள இழையம் 100 வீதம் இழுபடுகிறது. அதே அசைவு 10 மில்லிமீற்றர் இடைவெளியில் நிகழ்ந்தால் இழுபடுவது 10 வீதம் மட்டுமே. ஆகவே, அசைவின் அளவை மட்டும் கூறுவதில் பொருளில்லை. எவ்வளவு இடைவெளியில் அந்த அசைவு என்றும் கூற வேண்டும். பல துண்டுகளாகச் சிதறிய எலும்பு சிறிது அசைவைப் பொறுத்துக்கொள்வதும், மயிரிழை இடைவெளியுள்ள தனி முறிவு சிறு அசைவுக்கே பொருந்த மறுப்பதும் இதனாலேயே.

இயற்கையின் தந்திரமும் இங்கே புலப்படுகிறது. அசைவு மிகுந்த இடத்தில் எலும்பு உருவாக முடியாது. எனவே உடல் முதலில் மென்மையான இழையத்தை வைத்து அசைவைச் சிறிது குறைக்கிறது. குறைந்ததும் அங்கே குருத்தெலும்பு உருவாக இடம் கிடைக்கிறது. அது அசைவை மேலும் குறைக்கிறது. அதன் பின்னரே எலும்பு வருகிறது. கலஸ் அகன்று வளர்வதிலும் காரணம் உண்டு. ஓர் உருளையின் விட்டம் இரு மடங்கானால், வளைவதற்கு எதிரான அதன் விறைப்பு 16 மடங்காகும். மென்மையான பொருளைக்கொண்டே உறுதியைப் பெறுவதற்கு உடல் கையாளும் பொறியியல் இது.

செம்மறியாடுகளின் 17 நிமிடங்கள்

கலஸைத் தூண்டுவது சிறு அசைவுதான் என்றால், அந்த அசைவை நாமே அளந்து கொடுத்துப் பார்த்தால் என்ன? இக்கேள்வியை முறைப்படி பரிசோதித்தவர்கள் இருவர். ஒருவர் அலன் குட்ஷிப் என்ற விலங்கு மருத்துவ அறிஞர். மற்றவர் ஒக்ஸ்போர்டின் எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் கென்ரைட். இவர்களின் ஆய்வு 1985இல் வெளியானது.

செம்மறியாடுகளின் கீழ்க்கால் எலும்பில் 3 மில்லிமீற்றர் இடைவெளி ஏற்படுத்தி, வெளிச் சட்டகம் பொருத்தினார்கள். ஒரு பிரிவு ஆடுகளின் சட்டகம் விறைப்பாகவே விடப்பட்டது. மற்றைய பிரிவுக்கு நாள்தோறும் 17 நிமிடங்கள் மட்டும், இரண்டு விநாடிக்கு ஒரு தடவையாக 500 தடவைகள், எலும்பின் அச்சுத் திசையில் 1 மில்லிமீற்றர் அசைவு கொடுக்கப்பட்டது. நாளின் மிகுதி நேரமெல்லாம் அவையும் விறைப்பான சட்டகத்துடனேயே இருந்தன. அந்தச் சொற்ப அசைவைப் பெற்ற ஆடுகளின் முறிவுகள் சிறப்பாகக் குணமாகின.

எனினும், அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. 1989இல் வெளியான ஆய்வில், அரை மில்லிமீற்றர் அசைவு நன்மை தருவதையும் 2 மில்லிமீற்றர் அசைவு தீங்கு செய்வதையும் காட்டினார்கள். பின்னர் நடந்த ஆய்வில், ஆரம்ப வாரங்களில் நன்மை தந்த தூண்டுதல், ஆறு வாரங்கள் தாமதித்து ஆரம்பிக்கப்பட்டபோது பலன் தராமல் குணமாதலைத் தடுத்ததும் தெரியவந்தது. மருந்துக்கு அளவும் வேளையும் இருப்பதைப் போலவே அசைவுக்கும் இருக்கிறது. 1991இல், கீழ்க்கால் முறிந்த நோயாளிகளிடம் சீட்டுக் குலுக்கல் முறைப்படி இரு பிரிவாக நடத்திய பரிசோதனையும், அளவான அச்சு அசைவு பெற்றவர்கள் விரைவாகக் குணமடைந்ததைக் காட்டியது. ஜேர்மனியின் உல்ம் நகரில் லுட்ஸ் கிளாஸ் குழுவினர் 1990களில் நடத்திய ஆய்வுகள், இடைவெளி 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் குணமாதல் பின்னடைவதை எடுத்துக்காட்டின.

நோயாளி நடக்கும்போது உள்ளே என்ன நிகழ்கிறது என்பதையும் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் அளந்தார்கள். எலும்பில் செருகிய ஊசிகளிலேயே நுண்கருவியைப் பொருத்தி, நிற்கும்போதும் நடக்கும்போதும் துண்டுகள் எவ்வாறு இடம்பெயர்கின்றன எனப் பதிவுசெய்தார்கள். மேலும் கீழுமாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும், முறுகலாகவும் அவை அசைவதைக் கண்டார்கள்.

எட்டுப் பேரும் ஓர் எண்ணும்

இனி, என் தம்பியின் கதையோடு நேரடியாகத் தொடர்புடைய ஆய்வுக்கு வருகிறேன். ரிச்சட்சன், கனிங்ஹாம், குட்ஷிப், கென்ரைட் முதலானோரின் அக்கட்டுரை 1994இல் பிரித்தானிய எலும்பு மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. வெளிச் சட்டகம் பொருத்தப்பட்ட 212 கீழ்க்கால் முறிவு நோயாளிகள் அதில் இடம்பெற்றிருந்தார்கள்.

முதற் பிரிவில் 117 பேர். இவர்களின் சட்டகத்தை எப்போது கழற்றுவது என்பதை வைத்தியர்கள் வழக்கமான முறையில், தமது மதிப்பீட்டின்படி முடிவுசெய்தார்கள். இரண்டாவது பிரிவில் 95 பேர். இவர்களுக்கு முறிவின் விறைப்பு அளக்கப்பட்டது. வெளித் தண்டைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, ஊசிகளில் கோணமானியைப் பொருத்தி, காலில் அளவான பாரம் கொடுத்து, முறிந்த இடம் எத்தனை பாகை வளைகிறது என்று பார்த்தார்கள். ஒரு பாகை வளைப்பதற்கு 15 நியூட்டன் மீற்றர் தேவைப்படும் நிலையை எட்டினால் மட்டுமே சட்டகம் கழற்றப்பட்டது. ஒரு மீற்றர் நீளக் கம்பின் நுனியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பாரத்தைத் தொங்கவிட்டால் அடியில் உண்டாகும் திருப்பத்துக்கு இது சமம்.

முதற் பிரிவில் எட்டுப் பேருக்கு எலும்பு மீண்டும் முறிந்தது. அளந்து கழற்றிய 95 பேரில் ஒருவருக்கேனும் முறியவில்லை. அளந்து பார்த்தால் சட்டகத்தை அதிக காலம் வைத்திருக்க நேருமே என ஒருவர் ஐயுறலாம். நடந்தது அதற்கு மாறானது. அளக்கப்பட்டவர்களே முன்னதாகத் துணையின்றி நடந்தார்கள். தேவைக்கு அதிகமாகச் சுமந்துகொண்டிருந்தவர்களும், தேவைக்கு முன்னர் கழற்றிவிட்டவர்களும் ஒரே மதிப்பீட்டின் இரு பக்கத் தவறுகளுக்கு ஆளானவர்கள் என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

இக்கட்டுரையை நான் முதன்முதலில் வாசித்தபோது, என் தம்பியின் கால் இரண்டாம் முறை முறிந்து பல ஆண்டுகள் கடந்திருந்தன. கட்டுரை வெளியான ஆண்டைப் பார்த்தேன். அவனுடைய விபத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர். அந்த எட்டுப் பேரின் பெயர்களை நான் அறியேன். ஆனால், அவர்கள் ஒவ்வொருவரும் எவ்வாறு விழுந்திருப்பார்கள் என்பதை அறிவேன். ஒரு படி, ஒரு தடக்கல், அவசரமாக எடுத்துவைத்த ஓர் அடி. ஒரு கோணமானியும் அரைமணி நேரமும் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விழுகை அது.

கைகளின் அளவீடு

அப்படியாயின், இந்த அளவீடு இன்று எல்லா வைத்தியசாலைகளிலும் நடைபெற வேண்டும் அல்லவா? அவ்வாறு நடைபெறவில்லை. அதற்கு நேர்மையான காரணம் உண்டு. தோலுக்கு வெளியே நீட்டிநிற்கும் ஊசிகள் இருந்தால்தான் இவ்வாறு அளக்க முடியும். இன்று பெரும்பாலான கீழ்க்கால் முறிவுகளுக்கு எலும்பின் உட்குழாயினுள் நீண்ட உலோகத் தண்டு செலுத்தப்படுகிறது. அல்லது தகடு பொருத்தப்படுகிறது. கருவியை ஒட்டுவதற்கு வெளியே எதுவுமில்லை. ஆகவே எக்ஸ்ரே படமும் வைத்தியரின் அனுபவமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஆனால், அந்த அளவீடுகள் வீண்போகவில்லை. தகடுகளின் வடிவமைப்பிலேயே அவை புகுந்துவிட்டன. திருகாணியின் தலை தகட்டோடு பூட்டிக்கொள்ளும் புதிய வகைத் தகடுகள் 2000களில் பரவலாகின. அவை சில சந்தர்ப்பங்களில் மிதமிஞ்சிய விறைப்பாக இருப்பதால், தகட்டின் அருகில் கலஸ் போதியளவு வளர்வதில்லை என்பது 2010ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. உடனே, சிறிதளவு அசைவுக்கு இடம்கொடுக்கும் திருகாணிகள் உருவாக்கப்பட்டு, செம்மறியாடுகளில் பலமான எலும்பைத் தந்தன. ஒரு காலத்தில் அசைவை முற்றாக ஒழிக்கப் புறப்பட்ட தாவோஸ் ஆய்வுகூடம், தகட்டோடு இணைத்து உடலுக்குள் பதிக்கும் சிறு அளவுகருவியை உருவாக்கி, எலும்பு குணமாவதைத் தொடர்ந்து கண்காணிக்கும் முயற்சியில் ஈடுபட்டது. பிரசல்ஸில் பியூர்னி தண்டின் மேல் ஒட்டிய விகாரமானி தோலுக்கு உள்ளே குடிபுகுகிறது எனக் கூறலாம்.

முறிவு நெரிவு வைத்தியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். விரல்களால் தடவி, மெல்ல வளைத்து, "இன்னும் பத்து நாள் போகட்டும்" என்று சொல்லும் அந்தக் கைகளும் அளவுகருவிகளே. ஹியூ ஓவன் தோமஸின் தந்தையின் கைகளும் அத்தகையவை. அவற்றின் குறை, அவற்றில் எண் இல்லை என்பதுதான். ஒருவர் கையில் உணர்ந்ததை இன்னொருவர் கைக்கு மாற்ற முடியாது. தவறு நேர்ந்தால் எங்கே தவறியது எனத் திரும்பிப் பார்க்கவும் முடியாது. பட்டம் பெற்ற வைத்தியர் காலை வளைத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். எண்ணொன்று இருந்திருந்தால் இருவருக்கும் உதவியிருக்கும்.

என் தம்பிக்கு இரண்டாவது தடவை சட்டகம் ஒன்பது மாதங்கள் இருந்தது. கால் பொருந்தியது. ஆனால் ஒரு சென்ரிமீற்றர் குட்டையானது. இப்போது அவன் கனடாவில் வசிக்கிறான். பனிக்காலத்தில் கால் உளைவதாகத் தொலைபேசியில் சொல்வான்.

அம்மா காலமாகிவிட்டார். அவருடைய கேள்விக்கு நான் விடை சொல்லவே இல்லை. இன்று கேட்டிருந்தால் இவ்வாறு சொல்லியிருப்பேன்: அம்மா, மூவரும் சொன்னதில் உண்மை இருந்தது. தொடக்கத்தில் சிறிது அசையலாம். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். எலும்பு வரும் காலத்தில் அசைவு தானாகவே அடங்கும். அடங்கிவிட்டதா என்பதை அளந்து பார்க்காமல் கழற்றக் கூடாது. யாரேனும் ஒருவரின் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.